லாபம் இருந்தும் கையில் பணம் இல்லை: வளரும் சிறு நிறுவனங்கள் திணறுவது ஏன்?

ஒரு சிறு நிறுவனத்தின் விற்பனை ஓராண்டில் இரண்டு மடங்காகிறது. ஆர்டர்கள் குவிகின்றன, கணக்கர் தயாரித்த லாப நட்டக் கணக்கு முந்தைய எந்த ஆண்டையும்விடக் கூடுதலான லாபத்தைக் காட்டுகிறது. அதே ஆண்டில்தான் உரிமையாளர் முதன்முறையாகச் சம்பளம் போடுவதற்குக் கைமாற்று வாங்குகிறார், மூலப்பொருள் தருபவரிடம் பத்து நாள் அவகாசம் கேட்கிறார், வரி கட்ட ஒதுக்கி வைத்த தொகையை எடுத்து வேறொன்றைச் சமாளிக்கிறார். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் அவர் எங்கோ பணத்தைத் தொலைத்துவிட்டார் என்று பேசுவார்கள். அவரே தன் கணக்கரைச் சந்தேகிக்கத் தொடங்குவார். பெரும்பாலும் இந்த இரண்டு முடிவுகளுமே தவறானவை. பணம் சரக்காகவும் வரவேண்டிய பாக்கியாகவும் உருமாறி நிறுவனத்துக்குள்ளேயே முடங்கிக் கிடக்கிறது.

தன்னிடமுள்ள மூலதனம் தாங்கக்கூடியதைவிட அதிகமான விற்பனையை ஒரு நிறுவனம் தலைமேல் ஏற்றிக்கொள்வதை 'அளவுமீறிய வணிகம்' என்று சொல்வார்கள். விற்பனை சரிந்து மூடப்படும் நிறுவனத்தின் நிலை எல்லோருக்கும் புரிகிறது. விற்பனை பெருகியதாலேயே மூடப்படும் நிறுவனத்தின் நிலை புரிவதில்லை. அதை விளங்கிக்கொள்வதற்குப் பள்ளிக்கூடக் கணக்குக்கு மேல் எதுவும் தேவையில்லை என்றாலும், அந்தக் கணக்கை ஆர்டரை ஒப்புக்கொள்வதற்கு முன்பே போட்டுப் பார்ப்பவர்கள் குறைவு.

லாபமும் ரொக்கமும் எங்கே பிரிகின்றன

சரக்கை ஒப்படைத்துப் பில் போட்ட நாளிலேயே அந்த விற்பனை லாப நட்டக் கணக்கில் ஏறிவிடுகிறது. பணம் வந்ததா என்பதை அந்தக் கணக்கு கேட்பதில்லை. விற்காமல் கிடங்கில் கிடக்கும் சரக்குக்குக் கொடுத்த பணமும் அதில் செலவாகத் தெரியாது. அது, நிறுவனத்தின் சொத்தையும் கடனையும் பட்டியலிடும் இருப்புநிலைக் குறிப்பில் சொத்து என்ற பெயரில் உட்கார்ந்திருக்கும். இயந்திரம் வாங்கக் கொடுத்த முழுத்தொகைக்குப் பதிலாக ஆண்டுக்காண்டு அதில் ஒரு பங்கு மட்டுமே, தேய்மானம் என்ற பெயரில், செலவாகக் காட்டப்படுகிறது. கடனின் வட்டி செலவாகத் தெரியும். அசலைத் திருப்பிக் கட்டிய தவணை தெரியாது. இவற்றில் எதுவும் கணக்குப் பிழை அல்ல. ஒரு காலகட்டத்தில் நிறுவனம் ஈட்டியது எவ்வளவு என்பதை அளப்பதற்காக ஏற்பட்ட முறை அது. நாளை மறுநாள் கையில் எவ்வளவு இருக்கும் என்ற கேள்விக்கு அது பதில் சொல்லாது.

இந்த இடைவெளி எவ்வளவு பெரிய நிறுவனத்தையும் விழுங்கக்கூடும் என்பதற்கு அமெரிக்காவின் டபிள்யூ. டி. கிராண்ட் சான்று. 1906-ல் தொடங்கி ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிளைகளாக விரிந்த அந்தச் சில்லறை விற்பனை நிறுவனம் 1975 அக்டோபரில் திவாலானது. அதற்கு முந்தைய பல ஆண்டுகளில் அதன் கணக்குகள் லாபத்தையே காட்டின. ஆனால் அதே ஆண்டுகளில் பெரும்பாலானவற்றில் வணிகச் செயல்பாடுகளிலிருந்து உள்ளே வந்த ரொக்கத்தைவிட வெளியே போன ரொக்கமே அதிகம். வாடிக்கையாளர்களுக்குத் தாராளமாகக் கொடுத்த கடனும், புதிய கிளைகளுக்காக வாங்கிக் குவித்த சரக்கும் அந்த லாபத்தைத் தின்றுவிட்டன. உள்ளே வந்த, வெளியே போன ரொக்கத்தைக் காட்டும் ரொக்க ஓட்ட அறிக்கையைக் கட்டாயமாக்கும் விதி அமெரிக்காவில் வந்தது 1987-ல்தான் என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

ஒரு காகித உருளையின் 105 நாட்கள்

அட்டைப் பெட்டி செய்யும் ஒரு சிறு நிறுவனத்தை எடுத்துக்கொண்டு, அதன் கிடங்குக்குள் வரும் ஒரு காகித உருளையைப் பின்தொடர்ந்தால் பணம் எங்கே நிற்கிறது என்பது கண்கூடாகத் தெரியும்.

1. முதல் நாள் உருளை வந்து இறங்குகிறது. மில்காரர் 30 நாள் கடனுக்குத் தந்திருக்கிறார்; இதுவரை பணம் எதுவும் வெளியே போகவில்லை.
2. சில வாரங்கள் கிடங்கில் கிடந்து, பிறகு இயந்திரத்தில் ஏறி, அச்சிடப்பட்டு, மடிக்கப்பட்டு, ஒட்டப்பட்டுப் பெட்டியாகிறது. அதற்குள் 30-ஆம் நாள் வந்துவிடுகிறது; காகிதத்தின் விலையைக் கொடுத்தாக வேண்டும். பெட்டி இன்னும் விற்கவில்லை.
3. 45-ஆம் நாள் பெட்டிகள் வாடிக்கையாளரிடம் போய்ச் சேர்கின்றன, பில் போடப்படுகிறது. லாபம் இந்த இடத்தில் எழுதப்பட்டுவிடுகிறது.
4. வாடிக்கையாளருக்கு 60 நாள் கடன். ஆகவே பணம் வருவது 105-ஆம் நாள்.

30-ஆம் நாள் வெளியேறிய பணம் 105-ஆம் நாள் திரும்புகிறது. இடைப்பட்ட 75 நாட்களே இந்த நிறுவனத்தின் 'ரொக்கச் சுழற்சிக் காலம்'. சரக்கு நிற்கும் நாட்களோடு பாக்கி நிற்கும் நாட்களைக் கூட்டி, மூலப்பொருளுக்குக் கிடைக்கும் கடன் நாட்களைக் கழித்தால் அது கிடைத்துவிடும். கடைத்தெருவில் இதையே 'பணம் ரொட்டேஷன் ஆகவில்லை' என்று சொல்கிறார்கள். அந்தச் சொல்லுக்குள் இருக்கும் நாட்களை எண்ணிப் பார்ப்பது ஒன்றுதான் புதிது. அந்த 75 நாட்களிலும் சம்பளமும் வாடகையும் மின்கட்டணமும் எந்தக் கடன் நாளுக்கும் காத்திராமல் போய்க்கொண்டிருக்கும்.

வளர்ச்சிக்கு உள்ள வேக எல்லை

இதே நிறுவனத்துக்கு எண்கள் கொடுப்போம். பணத்தின் அலகு எதுவாகவும் இருக்கலாம், விகிதங்களே முக்கியம். ஆண்டுக்கு 360 நாள் என்று வைத்துக்கொண்டால், ஒரு நாள் விற்பனை 10. அதில் மூலப்பொருளுக்கு 6, சம்பளம் முதலிய மற்ற செலவுகளுக்கு 3, லாபம் 1. ஆண்டு விற்பனை 3,600. லாபம் 360, அதாவது பத்து சதவீதம். இது நல்ல நிறுவனம் என்பதில் ஐயமில்லை.

இந்த வணிகம் ஓடிக்கொண்டிருக்க எவ்வளவு பணம் உள்ளே முடங்கியிருக்க வேண்டும்?

1. சரக்கிருப்பு: 45 நாள் மூலப்பொருள், 45 × 6 = 270.
2. வரவேண்டிய பாக்கி: 60 நாள் விற்பனை, 60 × 10 = 600.
3. கழிக்க வேண்டியது: மூலப்பொருள் தருபவர்கள் தந்திருக்கும் 30 நாள் கடன், 30 × 6 = 180.

மிச்சம் 690. இதுதான் நடைமுறை மூலதனம். நிறுவனம் இதே அளவில் இருக்கும்வரை இந்த 690 ஒரு முறை போட்ட பணம். வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருக்கும், கூடுதலாக எதுவும் கேட்காது. விற்பனை கூடும்போது இதுவும் அதே விகிதத்தில் கூடியாக வேண்டும் என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

விற்பனை ஓராண்டில் படிப்படியாக ஏறி இரண்டு மடங்காகிறது என்று கொள்வோம். ஆண்டின் இறுதியில் 1,380 தேவை; அதாவது மேலும் 690 வேண்டும். அந்த ஆண்டின் விற்பனை 3,600-க்கும் 7,200-க்கும் நடுவே, சராசரியாக 5,400, லாபம் 540. அதில் பாதி வரிக்கும் உரிமையாளரின் வீட்டுச் செலவுக்கான எடுப்புகளுக்கும் போனால் நிறுவனத்தில் தங்குவது 270. தேவை 690, இருப்பது 270, குறைவது 420. அந்த 420 என்பது முந்தைய ஆண்டின் முழு லாபமான 360-ஐவிட அதிகம் என்பதைக் கவனிக்க வேண்டும். யாரும் எதையும் வீணாக்கவில்லை. எல்லா வாடிக்கையாளர்களும் சொன்ன தேதியில் பணம் தந்துவிட்டார்கள். அப்படியிருந்தும் இந்தக் குறை. புதிய இயந்திரத்தின் விலையோ, விரிந்த கிடங்கின் முன்பணமோ இதில் இன்னும் சேரவில்லை.

அப்படியானால் வெளிப்பணம் இல்லாமல் எவ்வளவு வேகத்தில் வளரலாம்? இந்த எண்களுக்கு விடை ஆண்டுக்கு 30 சதவீதம். விற்பனை 30 சதவீதம் ஏறினால் கூடுதல் மூலதனத் தேவை 207. சராசரி விற்பனை 4,140, லாபம் 414, தங்கும் பாதி 207. தேவையும் இருப்பும் சரியாகப் பொருந்துகின்றன. அந்த வேகத்துக்கு மேல் போகும் ஒவ்வொரு அடிக்கும் வேறு யாருடைய பணமாவது வேண்டும். முன்கூட்டியே ஏற்பாடு செய்யாவிட்டால் அந்த வேறு யாரோ என்பவர் சம்பளத்துக்குக் காத்திருக்கும் தொழிலாளியாகவும், தவணை தள்ளிப்போன மில்காரராகவும் ஆகிவிடுகிறார்.

எதை மாற்றினால் எல்லை எவ்வளவு நகர்கிறது

வளர்ச்சி என்றதும் விற்பனையைக் கூட்டுவதைப் பற்றியே பேசுகிறோம். எல்லையை நகர்த்துபவை வேறு. அதே நிறுவனத்தில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கலாம்.

1. பாக்கி வசூல் 60 நாளிலிருந்து 45 நாளாகக் குறைந்தால் நடைமுறை மூலதனம் 540 ஆகிறது. தாங்கக்கூடிய வளர்ச்சி 30-லிருந்து 40 சதவீதமாக உயர்கிறது. அதோடு முடங்கியிருந்த 150 ஒரே முறையில் கைக்கு வருகிறது. அது பழைய கணக்கில் ஐந்து மாத லாபம்.
2. விற்பனை அளவு குறையாமல் விலையை 2 சதவீதம் மட்டும் ஏற்ற முடிந்தால், கூடும் தொகை முழுவதும் லாபத்தில் சேர்வதால், எல்லை சுமார் 36 சதவீதத்துக்குப் போகிறது.
3. ஒரு பெரிய வாடிக்கையாளரைப் பிடிப்பதற்காக 3 சதவீதத் தள்ளுபடியும் 90 நாள் கடனும் தர ஒப்புக்கொண்டு, நாளடைவில் எல்லா விற்பனையும் அந்த நிபந்தனைக்கே மாறிவிட்டால், லாபம் 252 ஆகவும் முடங்கும் பணம் 963 ஆகவும் ஆகின்றன. எல்லை 14 சதவீதத்துக்கு விழுகிறது.

மூன்றாவதைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும், ஏனென்றால் சிறு நிறுவனங்கள் மிகுந்த மகிழ்ச்சியோடு நடந்து போய் விழும் குழி இதுவே. பெரிய நிறுவனத்தின் ஆர்டர் வந்தால் அது அங்கீகாரமாகத் தோன்றுகிறது. பேரம் பேசும்போது 3 சதவீதம் சிறியதாகவும், 30 நாள் கூடுதல் கடன் வெறும் சம்பிரதாயமாகவும் தெரிகின்றன. உண்மையில் வேகமாக வளர்வதற்காகச் செய்துகொண்ட அந்த ஒப்பந்தம் வளரும் வேகத்தையே பாதியைவிடக் கீழே குறைத்துவிடுகிறது. சிறிய நிறுவனம் தன்னைவிடப் பல மடங்கு பெரிய நிறுவனத்துக்கு வட்டியில்லாக் கடன் தருகிறது என்பதே அதன் பொருள். ஆர்டரை மறுக்க வேண்டும் என்று சொல்வதற்கில்லை. ஆனால் விலை, தள்ளுபடி, அளவு ஆகியவற்றைப் பேசும் அதே மேசையில், பணம் வரும் நாளையும் விலையின் ஒரு பகுதியாகவே பேச வேண்டும். ஒரு பகுதியை அட்வான்ஸாகக் கேட்பது, மொத்த ஆர்டரையும் பல தவணைகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனி பில் போடுவது, மூலப்பொருளை வாடிக்கையாளரே தந்து கூலிக்கு மட்டும் செய்வது ஆகியவை கேட்டால் கிடைக்கக்கூடியவை, கேட்காமல் கிடைப்பதில்லை.

கடன் நாட்களின் விலை எவ்வளவு என்பதற்கு வணிக உலகில் பரவலாக உள்ள ஒரு நிபந்தனையே அளவுகோல். '10 நாளில் கொடுத்தால் 2 சதவீதத் தள்ளுபடி, இல்லையென்றால் 30 நாளில் முழுத்தொகை' என்று விற்பவர் சொன்னால், தள்ளுபடியை விட்டுவிட்டு 30-ஆம் நாள் கொடுப்பவர் 98-ஐ இருபது நாள் வைத்திருப்பதற்கு 2 வட்டி கட்டுகிறார். ஆண்டுக் கணக்கில் அது சுமார் 37 சதவீதம்.

பெரியதாகி வென்றவர்களும் இந்தச் சுவரில் மோதியவர்களே

1984-ல் தொடங்கிய டெல் கணினி நிறுவனத்தின் விற்பனை, 1993 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் சுமார் 89 கோடி டாலரிலிருந்து 200 கோடி டாலராக, ஒரே ஆண்டில் இரு மடங்குக்கும் மேல் தாவியது. அடுத்த சில மாதங்களிலேயே ரொக்க நெருக்கடி வந்தது. 1993-ல் அந்த நிறுவனம் நட்டத்தைச் சந்தித்தது. அதன்பின் முன்னுரிமை வரிசையே மாற்றி எழுதப்பட்டது: முதலில் ரொக்கம், அடுத்து லாபம், அதற்குப் பிறகே வளர்ச்சி. ஆர்டர் வந்தபின் உதிரிபாகங்களை ஒன்றுசேர்த்துக் கணினியாக்கித் தருவது, உதிரிபாக இருப்பைச் சில நாட்களுக்குள் அடக்குவது என்று சரக்கு நாட்களை நெருக்கிக் கொண்டுவந்ததில், 1990-களின் பிற்பகுதியில் அதன் ரொக்கச் சுழற்சிக் காலம் பூஜ்யத்துக்கும் கீழே போனது. வாடிக்கையாளர் பணம் முதலில் வந்தது. உதிரிபாகம் தந்தவர்களுக்குப் பணம் பிறகு போனது. அப்படிப்பட்ட நிலையில் வளர்ச்சி பணத்தைக் கேட்பதற்குப் பதிலாகப் பணத்தைத் தருகிறது. சந்தா முறையிலும் முன்பதிவு முறையிலும் விற்பவர்களுக்கும் இந்தச் சாதகம் உண்டு. ஆனால் விற்பனை குறையத் தொடங்கும் நாளில் இதே சக்கரம் பின்னோக்கிச் சுழன்று, கொடுக்க வேண்டிய பாக்கிகள் ஒரேயடியாக முன்னால் வந்து நிற்கும்.

இரண்டாவது எல்லை: உரிமையாளரின் கவனம்

பணத்துக்கு ஏற்பாடு செய்துவிட்டாலும் இன்னோர் எல்லை இருக்கிறது. நிறுவனம் வளரும் வேகத்தை அதன் நிர்வாகத் திறனே கட்டுப்படுத்துகிறது என்று பொருளியலாளர் எடித் பென்ரோஸ் 1959-ல் வாதிட்டார். புதிதாக வருபவரை வேலைக்குப் பழக்க வேண்டியவர்கள் ஏற்கெனவே இருப்பவர்கள். பழக்கும் நேரத்தில் அவர்களுடைய சொந்த வேலை தங்கும். அதனால் ஆட்களைச் சேர்த்த முதல் சில மாதங்களில் வேலை குறைவாகவே நடக்கும். ஐந்து பேர் உள்ள இடத்தில் இருவர் இருவராகப் பேசிக்கொள்ள வேண்டிய இணைப்புகள் 10. பன்னிரண்டு பேரானால் 66. இருபது பேரானால் 190. ஐந்து பேர் இருந்தபோது ஒரு குரல் கொடுத்தால் தீர்ந்த விஷயத்துக்கு இப்போது எழுத்தில் ஒரு நடைமுறையும், முடிவெடுக்க இன்னொருவரும் தேவைப்படுகிறார்கள்.

இந்த எல்லை முதலாவதிலிருந்து தனித்து நிற்பதல்ல. ஒரு வேலைக்குச் சராசரியாக ஒரு நாள் பிடிக்கும் ஓர் இயந்திரத்துக்கு ஆர்டர்கள் ஒழுங்கற்ற இடைவெளியில் வந்துகொண்டிருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். காத்திருக்கும் வரிசைகளைக் கணிக்கும் எளிய கணிதக் கோட்பாட்டின்படி, அந்த இயந்திரம் 80 சதவீத நேரம் ஓடும்போது ஓர் ஆர்டர் காத்திருந்து முடிந்து வெளியேற 5 நாள் ஆகும். 90 சதவீதம் ஓடும்போது 10 நாள். 95 சதவீதம் ஓடும்போது 20 நாள். இயந்திரத்தின் இடத்தில் எல்லா முடிவுகளையும் தானே எடுக்கும் உரிமையாளரை வைத்துப் பார்த்தாலும் கணக்கு அதுவே. அவர் ஒப்புதலுக்காக மாதிரிப் பெட்டி மேசையில் கிடக்கும். விலைப்புள்ளி அனுப்பப்படாமல் நிற்கும். மிக முக்கியமாக, பில் போடுவதும் பாக்கி கேட்டுத் தொலைபேசியில் அழைப்பதும் தள்ளிப்போகும். சரக்கு 45 நாளுக்குப் பதில் 60 நாள் நின்றாலே நம் நிறுவனத்தின் வேக எல்லை 30-லிருந்து 26 சதவீதமாக இறங்கிவிடுகிறது. கவனம் சிதறுவதன் விலையும் கடைசியில் ரொக்கத்திலேயே கழிகிறது.

ஆகவே முதலில் யாரிடமாவது ஒப்படைக்க வேண்டிய வேலை எது என்று கேட்டால், பாக்கி வசூலையே சொல்வேன். உரிமையாளருக்கு வாடிக்கையாளரிடம் பணம் கேட்கத் தயக்கம் இருக்கும், ஏனென்றால் அடுத்த ஆர்டரையும் அவரே கேட்க வேண்டியிருக்கிறது. அந்தத் தயக்கம் இல்லாத ஒருவர், பில் போய்ச் சேர்ந்ததா, அதில் பிழை ஏதும் உண்டா என்று கெடு முடிவதற்கு முன்பே அழைத்துக் கேட்பாரானால், தாமதத்துக்கான சாக்குகளில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

எல்லையைத் தாண்டத் தீர்மானித்தால்

30 சதவீதத்துக்கு மேல் வளரவே கூடாது என்பதல்ல. சில சந்தைகளில் இப்போது விட்டால் பிறகு கிடைக்காது. அப்போது வெளிப்பணம் வேண்டும். எந்த வகைப் பணம் என்பதில் ஒரே ஒரு விதியை இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும்: பணம் எவ்வளவு காலம் முடங்குமோ அவ்வளவு காலத்துக்கான கடனையே அதற்கு வாங்க வேண்டும்.

1. ஒரு பருவத்துக்கு மட்டும் ஏறி இறங்கும் சரக்குக்கும் பாக்கிக்கும் ஓவர்டிராஃப்ட் (கணக்கில் இருப்பதைவிட அதிகமாக எடுத்துக்கொள்ள வங்கி தரும் வசதி) போன்ற குறுகிய காலக் கடனும், பில்லை அடமானம் வைத்தோ விற்றோ பெறும் முன்பணமும் பொருத்தமானவை.
2. இயந்திரத்துக்கு அதன் ஆயுளுக்குள் அடையும் தவணைக் கடன் வேண்டும். ஓவர்டிராஃப்ட் பணத்தில் இயந்திரம் வாங்கிவிட்டு, பிறகு காகிதம் வாங்கப் பணமில்லாமல் நிற்பது அடிக்கடி நேரும் தவறு.
3. விற்பனை நிரந்தரமாக உயர்வதால் நிரந்தரமாக முடங்கும் பணத்துக்கு நீண்ட காலக் கடனோ கூட்டாளியின் மூலதனமோ வேண்டும். 690 என்பது 1,380 ஆகிவிட்டால் அந்தக் கூடுதல் திரும்பி வரப்போவதில்லை. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய கடனை அதற்கு நம்பியிருப்பது, வங்கி ஒரு முறை மறுத்தால் நிறுவனமே நிற்கும் நிலைக்குக் கொண்டுபோய் விடும்.

பதின்மூன்று வாரக் கணக்கு

மேலே சொன்ன கணக்குகள் ஆண்டு அளவிலானவை. நெருக்கடியோ ஒரு குறிப்பிட்ட வெள்ளிக்கிழமையில் வருகிறது. அதை முன்னதாகப் பார்க்க, அடுத்த 13 வாரங்களுக்கு, அதாவது ஒரு காலாண்டுக்கு, வாரத்துக்கு ஒரு கட்டமாக ரொக்க முன்கணிப்பு எழுதுவது நிதி மேலாளர்களிடையே நெடுங்காலமாக வழக்கத்தில் உள்ள முறை. தொடக்க இருப்பு, அந்த வாரம் வரவிருக்கும் வசூல், போகவிருக்கும் தொகைகள், இறுதி இருப்பு ஆகிய நான்கு வரிகள் போதும். வசூலை எழுதும்போது பில்லில் உள்ள கெடுவை எழுதாமல், அந்த வாடிக்கையாளர் கடந்த மூன்று முறையும் உண்மையில் எத்தனை நாளில் கொடுத்தார் என்பதை எழுத வேண்டும். வரியும் கடன் தவணையும் போனஸும் அவற்றுக்குரிய வாரத்தில் விடாமல் ஏற வேண்டும். வாரம் முடிந்ததும் அந்தக் கட்டத்தில் நடந்ததை எழுதி, கடைசியில் புதிதாக ஒரு வாரத்தைச் சேர்க்க வேண்டும்.

புதிய ஆர்டர் ஒன்று வரும்போது இந்தத் தாளின் பயன் தெரியும். காகிதம் வாங்கும் பணத்தை நான்காம் வாரத்திலும், கூடுதல் கூலியை ஐந்தாம் வாரத்திலிருந்து தொடர்ந்தும், வசூலைப் பதினைந்தாம் வாரத்தில் தாளுக்கே வெளியிலும் எழுதிப் பார்க்கும்போது, ஒன்பதாம் வாரத்து இறுதி இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே இறங்குகிறது என்றால், அந்தச் செய்தி ஒன்பது வாரம் முன்னதாகவே கையில் இருக்கிறது. வங்கியிடம் கேட்க அவகாசம் இருக்கிறது. ஆர்டரின் பாதியை அடுத்த மாதத்துக்குத் தள்ளித் தர முடியுமா என்று வாடிக்கையாளரிடம் பேசலாம். மூன்றில் ஒரு பங்கை அட்வான்ஸாகத் தந்தால்தான் முடியும் என்று சொல்லவும் இடமிருக்கிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பு இந்த மூன்றையும் கேட்கலாம். சரக்கு லாரியில் ஏறிய பிறகு, கேட்க மிஞ்சியிருப்பது பத்து நாள் அவகாசம் மட்டுமே.